கிட்டாரோடு சங்குக் கடலுக்கு

கப்பல் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது என்றார்கள். எட்டிப் பார்த்தேன். தூத்துக்குடியைக் காணோம், நாலு பக்கமும் தண்ணீர்தான். கொழும்பில் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கடைத்தெரு. இங்கே கரையோரம் ஆழம் பற்றாது என்று ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஒரு நீராவிப் படகில் ஏறிக் குலுங்கிக் குலுங்கிக் கரைக்கு வர வேண்டும். என் மடியில் கிட்டார்ப் பெட்டி. பக்கத்திலிருந்த சிங்களப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "குழந்தையைப் புதைக்க ஊருக்கு எடுத்துப் போகிறான் போல, ஒன்றும் கேட்காதே" என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. கரை வரும்வரை அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

சுங்க அதிகாரி அப்படி இரக்கம் காட்டவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். கிட்டாரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். "இது எதற்கு?" என்று இங்கிலீஷில் கேட்டார். வாசிக்க என்றேன். "எத்தனை வருஷமாக வாசிக்கிறாய்?" நாலு வருஷம் என்றேன். "ஒன்று வாசி." வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "நாலு வருஷத்துக்கு இது போதாதே" என்று சொல்லிவிட்டுச் சாக்கட்டியால் பெட்டியில் குறி போட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனிதர் சொன்னது பொய்யில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தொம்மை. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன், ஆனால் நீந்தத் தெரியாது. பதினோரு வயதில் மாமாவோடு கொழும்புக்குப் போய், கோட்டையில் ஒரு கிராமபோன் கடையில் வேலைக்கு அமர்ந்தேன். போர்க் காலத்தில் பழுதுபார்க்க நின்ற ஒரு கப்பலின் சமையல்காரர், ஹென்றி என்கிற கறுப்பு அமெரிக்கர், எங்கள் கடைக்கு வந்து போவார். அவர்தான் எனக்கு ப்ளூஸ் என்கிற பாட்டைப் பிடிக்கவைத்தவர். இரண்டு மாதம் இருந்தார், கிட்டாரில் மூன்று விரல் பிடிப்புகள் சொல்லிக்கொடுத்தார், கப்பல் சரியானதும் போய்விட்டார். போர் முடிந்து ஒரு வருஷமும் ஆகிவிட்டது. அந்த மூன்று பிடிப்பை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் காலம் தள்ளுகிறேன்.

இப்போது ஊருக்கு வரக் காரணம் என் தங்கை லூசியாவின் கடிதம். அவள் புருஷன் கஸ்பார் சங்கு குளிக்கிறவர். குளிக்கிறவர் கடலடிக்குப் போனால் மேலே வள்ளத்தில் ஒருவர் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கடற்கரையின் வழக்கம். எங்கள் தம்பி இஞ்ஞாசிதான் பிடித்துவந்தான். வள்ளத்தைக் கரையேற்றும்போது அவன் கை நசுங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது. மிச்சம் இருக்கிற மச்சான் நான் ஒருவன்தான். "மூணு வாரம் வந்து நில்லு அண்ணே" என்று எழுதியிருந்தாள். வருகிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டேன். ஒரு சொல் கொடுத்துவிட்டால் நான் பின்வாங்குகிற ஆளில்லை. கொடுக்குமுன் யோசிக்கிற ஆளும் இல்லை.

துறையிலிருந்து வீட்டுக்கு ஜட்கா வண்டி. மணலில் சக்கரம் புதைந்து குதிரை உட்கார்ந்துவிட்டது. வண்டிக்காரர் அதோடு நியாயம் பேசினார், திட்டினார், கடைசியில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மாசி மாதத்துக்கே என்ன வெயில். கொழும்பில் இந்நேரம் ஒரு மழை பெய்து தெருவைக் கழுவிவிட்டிருக்கும்.

வாசலில் கஸ்பார் வலைப் பை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு அப்போது நடந்துகொண்டிருந்தது.

"தவசு காலத்துல கிட்டார் தூக்கிட்டு வந்திருக்கீரே மச்சான், சாமியார் பாத்தா என்ன சொல்லுவாரு?"

"இது கல்யாணப் பாட்டு இல்ல மச்சான். அழுகைப் பாட்டுதான். தவசுக்குப் பொருத்தம்" என்றேன்.

அன்று மத்தியானம் சாளைமீன் குழம்பும் ரேஷன் அரிசிச் சோறும், மிளகு போட்டு வதக்கிய சங்குச் சதையும். சதை மென்றால் மெல்லவே தீராது. ஆனால் ருசி நாக்கை விட்டுப் போகாது. கொழும்பில் ஆயிரம் ஓட்டல் இருந்தும் இது கிடைக்கிறதில்லை. சாப்பிட்டபின் கஸ்பாரே கேட்டார் என்று வாசித்தேன். பாட்டுக்கு வார்த்தை நானே கட்டினது:

"கப்பல் போகுது, நான் கரையில நிக்கேன்.
கப்பல் போகுது, நான் கரையில நிக்கேன்.
போறவன் திரும்பிப் பாக்கல, நான் எதுக்குப் பாக்கேன்?"

கஸ்பார் பொறுமையாகக் கேட்டார். "எங்க பெரிய வெள்ளி ஒப்பாரி மாதிரிதான் இருக்கு. ஆனா அதுல ஆண்டவர் சாகுதாரு. இதுல யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"பொறவு பாடுதவன் எதுக்கு அழுதான்? அதுவும் ஒரே வரிய ரெண்டு தடவ. மறந்துபோச்சா?"

இஞ்ஞாசி கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. கிட்டாரைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

லூசியா சிரிக்கவில்லை. குசினியில் தட்டு கழுவும்போது என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, பாட்ட விடு. ஒண்ணு சொல்லுதேன் கேளு. போன மாசம் இவரு மூக்குலயும் காதுலயும் ரத்தத்தோட மேல வந்தாரு. இஞ்ஞாசி இழுத்திருக்கணும், இழுக்கல. முந்துன நாளு சீக்கிரம் இழுத்துட்டான்னு வள்ளத்துல எல்லார் முன்னாலயும் ஏசிட்டாராம். அதுக்குப் பயந்துக்கிட்டு நின்னுருக்கான். எதுக்கு மச்சான் கையில கயித்தக் குடுக்காங்க தெரியுமா? தங்கச்சி தாலிய அறுத்துட்டு நிக்கக் கூடாதுன்னு துடிக்கிறவன் அவன்தான். நீ அவருக்குப் பயப்படாத. எனக்காகப் பிடி."

சரி என்றேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் கடற்கரையில் இஞ்ஞாசி எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தான். குளிக்கிறவர் ஒரு கல்லில் கால் வைத்து இறங்குவார். கல்லை உடனே மேலே இழுத்துவிடலாம். இன்னொரு கயிறு அவர் இடுப்பில். அவர் அதை ஆட்டினால் இழுக்க வேண்டும். ஆட்டவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அருள் நிறைந்த மரியே மந்திரத்தை மனசுக்குள் ஐந்து தடவை சொல்ல வேண்டும். ஐந்தும் முடிந்து கயிறு ஆடவில்லை என்றால் இழுத்துவிட வேண்டும். கடிகாரம் எதுவும் கிடையாது. சிறு வயதிலிருந்து சொன்ன மந்திரம்தானே, இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், கரைக்காற்றில் பாய் விரித்து வள்ளம் புறப்பட்டது. எட்டுக் குளிகாரர்கள், எட்டு மச்சான்கள், வள்ளத்தை ஓட்டுகிற தண்டல் மிக்கேல் அண்ணாச்சி. விடிந்து வெயில் ஏறியதும் ஒன்பது பாகம், அதாவது ஐம்பத்துநாலு அடி, ஆழத்தில் நங்கூரம் போட்டார்கள். கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்து, கல்லோடு இறங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு என் கையில் ஓடியது, நின்றது. மந்திரம் தொடங்கினேன்.

என்னத்தைச் சொல்ல. நெஞ்சு அடிக்கிற அடியில் மந்திரமும் ஓடுகிறது. முதலாவது எப்போது முடிந்தது, இரண்டாவது எப்போது தொடங்கியது, ஒன்றும் தெரியவில்லை. ஐந்தும் முடிந்தது என்று இழுத்தேன். கஸ்பார் வெறும் பையோடு வந்தார். "இப்பத்தான்வே தரையில காலு வச்சேன்" என்றார். மறுபடியும் இறங்கினார், மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அப்போது நாலா ஐந்தா என்று எண்ணிக்கை தப்பிவிட்டது. நல்ல வேளையாக அவரே கயிற்றை ஆட்டினார். மற்றவர்கள் பையில் பத்து, பதினைந்து சங்கு. எங்கள் பையில் மூன்று. அதிலும் ஒன்று அளவு வளையத்துக்குள் விழுந்துவிட்டது. அப்படிச் சின்னதாக இருந்தால் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்பது சட்டம். வள்ளம் முழுக்கச் சிரிப்பு. "கொழும்பு மாதா எக்ஸ்பிரஸ்ல வாராங்க போல" என்று மிக்கேல் அண்ணாச்சி சொன்னதைக் கரை வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு உறைக்கவில்லை. பயம்தான் உறைத்தது. இன்று சீக்கிரம் இழுத்தேன், நாளை இவர்கள் சிரிப்புக்குப் பயந்து தாமதமாக இழுப்பேன். இஞ்ஞாசிக்கு நடந்தது அதுதானே? பயந்தவன் வாயில் மந்திரம் ஓடும், வெட்கப்பட்டவன் வாயில் இழுபடும். ஓடாமலும் இழுபடாமலும் ஒன்று வேண்டும்.

அன்று சாயங்காலம் கிட்டாரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உடன்குடிப் பக்கத்து அண்ணாச்சி. அந்தக் கருப்பட்டிக் காப்பிக்காகவே இன்னொரு தடவை கடல் தாண்டி வரலாம். ஆனால் நான் போனது சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்துக்காக.

ஹென்றி சொன்னது ஞாபகம் வந்திருந்தது. அவருடைய தாத்தா வெயிலில் தண்டவாளம் போட்ட கூலியாள். பாட்டு ஓடினால் சுத்தியல் பக்கத்து ஆளின் காலில் விழும், அதனால் எங்கள் பாட்டுக்கு அவசரம் தெரியாது என்று ஒரு நாள் சொன்னார். நான் வேகமாக வாசித்துக் கெட்டிக்காரத்தனம் காட்டும்போதெல்லாம் என் காலைத் தன் பூட்ஸ் காலால் மிதிப்பார். நாலு தட்டு ஒரு சுற்று, பன்னிரண்டு சுற்று ஒரு பாட்டு. முதல் வரிக்கு நாலு சுற்று, அதே வரிக்கு மறுபடி நாலு, பதில் வரிக்கு நாலு. தெருவில் சாவு போனாலும் கல்யாணம் போனாலும் அது அதே நடைதான். நாலு வருஷமாக அந்த நடை ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வந்தது. விரல் வேலை வரவேயில்லை. சுங்க அதிகாரி கண்டுபிடித்தது அதைத்தான்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். பாட்டு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. பத்துத் தடவை பாடினேன், பத்தும் ஒன்றுபோல. நிதானமாகச் சொன்னால் ஐந்து மந்திரமும் அவ்வளவுதான் வருகிறது.

கடைக்கார அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "இந்தப் பாட்டு நல்லாருக்கு தம்பி. ரெண்டு தடவ சொல்லுதீரு பாத்தீரா, அதுதான் சரி. எங்க வீட்டுல நான் ஒரு விசயத்த ஒரு தடவ சொன்னா ஒருத்தரு காதுலயும் ஏறாது. ரெண்டாவது தடவையிலதான் திரும்பிப் பாப்பாக. இன்னொரு மட்டம் பாடும்." பதினோராவது தடவை அவருக்காகப் பாடினேன். என் பாட்டுக்குக் கிடைத்த முதல் ரசிகர் அவர். காப்பியைச் சூடாக்கி மறுபடி தந்தார்.

நாலாம் நாள் கஸ்பார் இறங்கியதும் பலகையில் காலால் தட்டிக்கொண்டு வாய்விட்டுப் பாடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிக்கேல் அண்ணாச்சி, "மச்சானுக்கு வெயிலு தலைக்கேறிட்டு" என்றார். நெஞ்சு நேற்று அடித்தது போலவே அடித்தது. ஆனால் கால் அதைக் கேட்கவில்லை. பதினோராவது சுற்றில் கயிறு ஆடியது. இழுத்தேன். பையில் ஐந்து சங்கு. அடுத்ததில் ஆறு. மத்தியானக் காற்றில் வள்ளம் திரும்பும்போது கஸ்பார் என் தோளில் தட்டினார்.

இரண்டு மூன்று நாளில் வள்ளத்தில் பாதிப் பேர் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கேதான் தொல்லை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது கஸ்பார் கேட்டார்.

"மச்சான், முதல் வரிய ரெண்டு தடவ பாடுதீரு. மூணு தடவ பாடினா என்ன?"

"எதுக்கு?"

"கீழ பாறத் திட்டா ஒரு நல்ல பார் கண்டிருக்கேன். கெட்டியாச் சங்கு கெடக்கு. கை நீட்டும்போது நீரு இழுத்துடுதீரு."

"இதுல ரெண்டுதான் மச்சான். மூணு கிடையாது."

"நீரு பாட்டுக்குச் சொல்லுதீரு. நான் சங்குக்குச் சொல்லுதேன். எனக்கு மூச்சு இருக்கு, எனக்குத் தெரியாதா?"

"மூணு கிடையாது" என்றேன். வீடு வரும்வரை அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கும் முகம் கொடுக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். நல்ல மனிதர், என்மேல் பிரியமுள்ளவர். ஆனாலும் லூசியா சோறு வைக்கிற கையைப் பார்த்தேன். விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பாருக்குமேல் வள்ளத்தை நிறுத்தச் சொன்னார். ஆறு முறை இறங்கினார். ஆறு முறையும் பை கனத்து வந்தது, ஆறு முறையும் கயிற்றை ஆட்டாமல் கிடந்து, நான் இழுத்த பிறகுதான் வந்தார். ஏழாவது முறை இறங்கும்போது, "இது கடைசி. பொறுத்து இழும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாடினேன். பன்னிரண்டாவது சுற்றின் நாலாவது தட்டு விழுந்தது. இழுக்கச் சொல்லி அவர் கயிற்றை ஆட்டவில்லை. நான் குனிவதற்குள் மிக்கேல் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறும்வே. கயிறு லேசா அசையுது பாரும், அவன் சங்கு பொறுக்கிட்டுக் கெடக்கான். இப்ப இழுத்தீருன்னா இந்த வள்ளத்துல உம்மள வச்சுக்கிட மாட்டான்."

கயிறு லேசாக அசையத்தான் செய்தது. நீரோட்டம் அசைக்கிறதா, மனிதன் அசைக்கிறானா? எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அவர் கையை உதறிவிட்டு இழுத்தேன்.

மற்ற நாட்களில் கீழேயிருந்து அவர் உதைத்து வருவார், கயிறு லேசாக வரும். அன்று கல்லைக் கட்டி இழுக்கிற பாரம். நாலு வீச்சு இழுத்ததும் மிக்கேல் அண்ணாச்சிக்கும் புரிந்துவிட்டது. வந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தார். கஸ்பார் தலை தொங்கி வந்தார். மூக்கில் ரத்தம், உதடு நீலம், கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பை நிறையச் சங்கு. விளிம்பில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனசில் ஓடவில்லை. தண்ணீர் வந்தது, பிறகு இருமல் வந்தது.

கண்ணில் பார்வை வந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "இன்னும் நாலு கெடந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். அதை மறைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் லூசியா கஞ்சி கொடுத்துவிட்டு உள்ளே போனபின் அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் வேணும்னு கெடக்கல மச்சான். கயித்த ஆட்டணும்னு நெனச்சேன். கை வரல. நீரு இழுத்ததும் தெரியல." பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் குளிக்கப் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் காதில் விட எண்ணெய் தந்தார். அதற்குள் இஞ்ஞாசியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை சரியாகிவிட்டது. எனக்கோ கொழும்புக் கடையிலிருந்து இரண்டு தந்தி வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை இராது. இனிக் கயிறு இஞ்ஞாசி கைக்குத்தான் போக வேண்டும். புறப்படுமுன் கடைசி மூன்று நாளும் அவனை வாசலில் உட்காரவைத்து, காலைத் தட்டி, பாட்டை ஏற்றினேன். ஹென்றி என்னை மிதித்தது போல நான் அவனை மிதித்தேன். முதலில் அவன் பாட்டு ஓடியது, பிறகு கொஞ்சம் நடைக்கு வந்தது.

கப்பலுக்குப் புறப்படுகிற அன்று காலை, கடைசியாக ஒரு தடவை பாடு பார்க்கலாம் என்றேன். கஸ்பார் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார், முகத்தில் துண்டு. இஞ்ஞாசி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தான். முன்னால் ஏச்சு வாங்கினவன் அல்லவா, மச்சான் மனம் குளிரட்டும் என்று நினைத்திருப்பான். முதல் வரியைப் பாடினான், இரண்டாவது தடவையும் பாடினான், நிதானமாகத்தான். பிறகு அதையே மூன்றாவது தடவையும் எடுத்தான்.

நான் காலைத் தூக்குமுன் கட்டிலில் துண்டு விலகியது.

"ஏலே, ரெண்டு தடவதான்" என்றார் கஸ்பார். "நீ மூணாவது பாடினா நான் மேல வர மாட்டேன்."